மணியோசை முன்னே

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. மணியோசை கேட்டதும் தெருவில் நிற்போர் ஒதுங்குவர். குழந்தைகள் திண்ணைக்கு ஓடுவர். அந்த மணி பொய் சொல்வதில்லை. அதன் பின்னால் வருவது யானையேதான். ஆனால் பூனை வரும்போதும் அதே மணியை அடித்து ஊரையே ஒதுங்கச் செய்யும் ஒருவன் இருப்பானாயின், அவனை என்னென்று அழைப்பது? நம் இல்லங்களில் மாலைதோறும் ஒலிக்கின்ற தொலைக்காட்சித் தொடர்களின் பின்னணி இசையைக் கேட்குந்தோறும் இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுகின்றது.

பாட்டைப் பற்றி நம்மிடையே நிறையப் பேசப்பட்டிருக்கிறது, எழுதப்பட்டும் இருக்கிறது. பாட்டின் சொல் ஆபாசமா, மெட்டு இரவலா, பாடியவரின் உச்சரிப்பு சரியா என்றெல்லாம் ஆராய்கிறோம். வசனத்தையும் நடிப்பையும் நாம் விட்டுவைப்பதில்லை. பின்னணி இசையோ எவருடைய விசாரணைக்கும் அகப்படாமல் நழுவிவிடுகின்றது. காரணம் வெளிப்படை. பாட்டை நாம் கேட்கிறோம். பின்னணி இசை நம் காதில் விழுகின்றது. கேட்பதற்கு மனம் வேண்டும். விழுவதற்குக் காது திறந்திருந்தாலே போதும். மனத்தின் காவலைத் தாண்டி உள்ளே வரும் ஒன்றை மனம் விசாரிக்க மறப்பதில் வியப்பில்லை.

இசை ஆகுமா ஆகாதா என்னும் மார்க்கச் சட்ட விவாதம் ஈண்டு நம் பொருளன்று. அதில் அறிஞர்களிடையே நெடுங்காலக் கருத்து வேறுபாடு உண்டு. அதை அவர்களிடமே விட்டுவிடுவோம். நாம் ஆராய எடுத்துக்கொண்டது, ஏற்கனவே வாசற்படி தாண்டி வீட்டின் நடுக்கூடத்தில் அமர்ந்துவிட்ட ஒன்றையே. அது நம்மிடம் என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்வது யாவர்க்கும் நலமாகும்.

முதற்கண் இத்தொழில் நடைபெறும் முறையைச் சுருக்கமாக நோக்குவோம். படத்துறையினர் இதனை ‘ரீ-ரெக்கார்டிங்’ என்பர், சுருக்கமாக ‘ஆர்.ஆர்.’ என்றும் வழங்குவர். காட்சிகள் வெட்டி ஒட்டப்பட்டு, நீளம் முடிவான பின்னரே இசையமைப்பாளரின் கைக்கு வருகின்றன. இயக்குநரும் அவரும் அமர்ந்து, எந்த நொடியில் இசை தொடங்கவேண்டும், எந்த நொடியில் ஓயவேண்டும் என்று குறித்துக்கொள்கின்றனர். கதவு திறக்க நான்கு நொடி, முகம் திரும்ப இரண்டு நொடி என்று கணக்கிட்டு, அக்கணக்குக்குள் அடங்குமாறு சுரங்களை அமைக்கவேண்டும். வாசிப்போர் காதில் ‘டிக், டிக்’ என்னும் தாள ஒலியை மட்டும் ஒலிக்கவிட்டு, படத்தின் ஓட்டத்தோடு இம்மியும் பிசகாமல் வாசிக்கச் செய்வர். ‘கிளிக் டிராக்’ என்பது அதன் பெயர். அமெரிக்கத் தொலைக்காட்சியின் மூத்த இசையமைப்பாளர்களுள் ஒருவரான ஏர்ல் ஹேகன் இம்முறைகளை விளக்கி 1971-ஆம் ஆண்டிலேயே ஒரு பாடநூல் எழுதினார்.

இது செம்மையாக நடைபெறும் இடத்தின் கதை. நாள்தோறும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடருக்கு இத்தனை அவகாசம் ஏது? ஆதலால் தொடரின் தொடக்கத்திலேயே அழுகைக்கு ஒன்று, அச்சத்துக்கு ஒன்று, சதிக்கு ஒன்று, சிரிப்புக்கு ஒன்று எனச் சில இசைத் துணுக்குகளை ஆக்கி வைத்துக்கொள்கின்றனர். பிறகு அவற்றையே வேண்டிய இடங்களில் எடுத்து ஒட்டுகின்றனர். இவ்வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் 1950-களிலும் 1960-களிலும் தன் இசைச் சேமிப்பிலிருந்து துணுக்குகளை எடுத்துப் பல தொடர்களுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதுண்டு. உலகப் புகழ்பெற்ற ‘தி ட்வைலைட் ஸோன்’ தொடரின் முகப்பிசையே, மாரியஸ் கான்ஸ்டன்ட் என்பார் அச்சேமிப்புக்காகத் தனித்தனியே எழுதிய இரு துணுக்குகளைச் சேர்த்து ஒட்டியதுதான். எனவே துணுக்கை மறுமுறை பயன்படுத்துவதே குற்றமென்று நாம் கூறவில்லை. அத்துணுக்கு எந்த இடத்தில் நின்று பேசுகிறது என்பதே நாம் கேட்கும் கேள்வி.

நம் நோக்கில், பின்னணி இசை நிற்கத்தக்க இடங்கள் மூன்று. ஒன்று, பாத்திரத்தின் நெஞ்சு. மற்றொன்று, ஊரின் தலைவாசல். மூன்றாவது, நீதிபதியின் நாற்காலி. முன்னிரண்டும் இசைக்கு உரிய இடங்கள். மூன்றாவது அது அபகரித்துக்கொண்ட இடம். இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நெஞ்சில் நின்று பேசும் இசைக்கு மேலே குறித்த ‘தி ட்வைலைட் ஸோன்’ தொடரிலேயே சிறந்த சான்று கிடைக்கின்றது. 1961-இல் ஒளிபரப்பான ‘தி இன்வேடர்ஸ்’ என்னும் அத்தியாயம் அது. ஆளரவமற்ற ஒரு பண்ணை வீட்டில் தனித்து வாழும் பெண். அவ்வீட்டின் கூரைமீது ஒரு பறக்கும் தட்டு வந்து இறங்குகிறது. விரலளவேயான உருவங்கள் அதிலிருந்து வெளிப்பட்டு அவளைத் தாக்குகின்றன. அவள் போராடுகிறாள். அப்பெண்ணாக நடித்த ஆக்னஸ் மூர்ஹெட் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் ராட் செர்லிங் ஆற்றும் உரையையும், இறுதியில் கேட்கும் ஒரு குரலையும் தவிர்த்தால் மனிதப் பேச்சே இல்லை. பேசவேண்டிய பொறுப்பு முழுவதும் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் என்னும் இசையமைப்பாளரின் தலையில் விழுந்தது. நரம்புக் கருவிகளின் நடுக்கத்தையும் கீச்சலையும் கொண்டு அவர் அப்பெண்ணின் மூச்சையே எழுதிக்காட்டினார்.

முடிவில் என்ன நிகழ்கிறது? பறக்கும் தட்டின்மேல் எழுதியிருப்பதைக் காமிரா காட்டுகிறது. அது அமெரிக்க விமானப்படையின் கலம். வந்தவர்கள்தாம் நம் பூமியின் மனிதர்கள். அப்பெண்ணோ வேற்றுலகத்து அரக்கி! அதுவரை எவரைக் கண்டு அஞ்சினோமோ அவர் நாமேயாகிவிடுகிறோம். நுட்பமாக நோக்கின் இசை இங்கே பொய்யுரைக்கவில்லை என்பது புலப்படும். “இச்சிறு உருவங்கள் தீயவை” என்று அது எங்கும் கூறவில்லை. “இவள் அஞ்சுகிறாள்” என்று மட்டுமே கூறியது. அவள் அஞ்சியது உண்மை. தீர்ப்பு வழங்கியவர்கள் நாம். அதனாலேயே முடிவில் தலைகுனிய வேண்டியவர்களும் நாமாகிறோம். பார்ப்பவரைத் தம் தீர்ப்புக்குத் தாமே பொறுப்பாளியாக்கும் இத்தகைய இசையை நாம் நேர்மையான இசை என்போம்.

இனி ஊர்த் தலைவாசலில் நிற்கும் இசை. மேலே குறித்த ஏர்ல் ஹேகன், 1960-இல் தொடங்கிய ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’ என்னும் குடும்பத் தொடருக்கு முகப்பிசை அமைத்தார். மேபெரி என்னும் கற்பனைச் சிற்றூர். தகப்பனும் மகனும் தூண்டில் ஏந்தி மீன்பிடிக்கப் போகும் காட்சி. பெரிய வாத்தியக் கோஷ்டியின் ஆரவாரம் அதற்கு முன்னே நிற்கவில்லை. ஹேகன் தம் உதட்டாலேயே சீழ்க்கை அடித்து அம்மெட்டைப் பதிவு செய்தார். அமெரிக்க மக்கள் பலர் இன்றும் அதைச் சீழ்க்கையடித்தபடியே நடப்பதுண்டு.

நம் நாட்டில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்லவேண்டுமாயின், ஆர். கே. நாராயணின் கதைகளைக் கொண்டு சங்கர் நாக் இயக்கித் தூர்தர்ஷனில் 1980-களின் பிற்பகுதியில் ஒளிபரப்பான ‘மால்குடி டேஸ்’ தொடரைத்தான் சொல்லவேண்டும். அதற்கு இசையமைத்தவர் தமிழ்நாட்டு இசைக் குடும்பத்தில் தோன்றிய வயலின் கலைஞர் எல். வைத்தியநாதன். ஆர். கே. லட்சுமணின் கோட்டோவியங்கள் திரையில் வர, பொருளற்ற அசைகளாலான ஒரு முணுமுணுப்பு உடன் வரும். தண்ணீர்க்குடம் தூக்கிவரும் ஒருவர் தமக்குத்தாமே பாடிக்கொள்ளும் பாங்கு அதில் இருந்தது. மேபெரியும் கற்பனை ஊர். மால்குடியும் கற்பனை ஊர். கடல் கடந்த இரு கலைஞர்கள், இல்லாத ஓர் ஊரை இருப்பதாக நம்பவைக்க, கருவிகளுக்கு முன்னதாக மனிதவாயின் சொல்லற்ற ஓசையை நாடியிருக்கிறார்கள். “இவ்வூரில் மனிதர்கள் இருக்கிறார்கள், உள்ளே வாருங்கள்” என்பதே அவ்விரு இசையின் அழைப்பு. உள்ளே வருவோர் நல்லவரா கெட்டவரா என்று வாசலில் நிற்கும் இசை சொல்வதில்லை. இதே வைத்தியநாதன்தான், 1987-இல் வந்த வசனமே இல்லாத ‘பேசும் படம்’ திரைப்படத்துக்கும் இசையமைத்தார் என்பது நினைக்கத்தக்கது. பேச்சற்ற இடத்தில் எவ்வளவு பேசவேண்டும், எங்கே வாளாவிருக்கவேண்டும் என்னும் அளவை அறிந்தவர் அவர். 2007-இல் அவர் மறைந்தபோது அவ்வளவறிவில் ஒரு பங்கும் உடன் மறைந்ததென்றே எண்ணத் தோன்றுகிறது.

மூன்றாவதாகிய நீதிபதியின் நாற்காலிக்கு இப்போது வருவோம். நெடுந்தொடர்களில் இதுவே பெருவழக்கு. ஒரு மாமியார் படியிறங்கி வருகிறாள். இன்னும் வாய் திறக்கவில்லை. அதற்குள் முரசு மும்முறை அதிர்கின்றது. முகம் மும்முறை அருகே கொண்டுவரப்படுகின்றது. அவள் கெட்டவள் என்பது முடிவாகிவிட்டது. இனி அவள் பாயசமே கொண்டுவந்தாலும் அதில் நஞ்சிருப்பதாகவே நம் குழந்தைகள் நம்புவர். சாட்சி வருமுன் தீர்ப்பு வந்துவிட்டது.

“இதனால் என்ன கேடு? கதைதானே!” என்பாருண்டு. கேடு எங்கே தொடங்குகிறதென்றால், இந்தத் தீர்ப்புகள் பழக்கத்தால் நிலைபெறுகின்றன என்பதில்தான். ஷெனாயை எடுத்துக்கொள்வோம். வடநாட்டில் அது மங்கல வாத்தியம். திருமண இல்லங்களில் ஒலிப்பது. 1947-இல் செங்கோட்டையில் விடுதலையை வரவேற்று வாசித்தவர் உஸ்தாத் பிஸ்மில்லா கான். 2001-இல் பாரத ரத்னா விருது பெற்ற அம்மேதையின் கருவி, நம் தமிழ்த்திரையில் சாவு வீட்டுக்கும் பிரிவுத் துயருக்கும் அடையாளமாகிப்போனது. தொலைக்காட்சித் தொடர்களும் அதனைத் திரைப்படத்திலிருந்து அப்படியே சுவீகரித்துக்கொண்டன. இன்று ஷெனாய் ஒலி கேட்டால் தமிழ்ப்பிள்ளை, “யாரோ இறந்துவிட்டார்கள்” என்கிறது. காசியில் உள்ள பிள்ளையோ, “யாருக்கோ கல்யாணம்” என்கிறது. கருவி ஒன்றே, ஓசையும் ஒன்றே. ஊட்டப்பட்ட பழக்கந்தான் வேறு.

ஒரு கருவிக்கு நேர்ந்த இக்கதியே ஒரு சமூகத்துக்கும் நேரக்கூடும். மேலைநாட்டுத் தொடர்களில் பாலைநிலமோ, பள்ளிவாசலின் மினாராவோ, தலைப்பாகை அணிந்த ஒரு முகமோ தோன்றியவுடன் ஒருவகை இசை எழுவதைப் பலரும் கவனித்திருப்பர். ரிஷபம் தாழ்ந்து, காந்தாரம் உயர்ந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு தாவல் இருக்கும். அரபு இசையில் ‘ஹிஜாஸ்’ எனப்படும் முறையின் சாயல் அது. அதனைக் கேட்டதும் அந்நாட்டுப் பார்வையாளர், “ஏதோ அபாயம்” என்று நிமிர்ந்து உட்காரப் பழகியிருக்கிறார்கள்.

அச்சுரவரிசை யாதென்று நம்மவர் அறிந்தால் நகைப்பர். சிற்சில சுருதி நுட்பங்கள் நீங்கலாக, ஹிஜாஸின் அந்த அடித்தாவல் கருநாடக இசையின் மாயாமாளவகௌளையில் உள்ளதேயாகும். பதினைந்தாம் மேளகர்த்தாவாகிய அவ்விராகத்தில்தான் தமிழகத்துக் குழந்தைகள் தம் முதற் சரளிவரிசையைக் கற்கின்றனர். ஹிஜாஸின் சாயலிலேயே பல நாடுகளில் பாங்கொலியும் எழுகின்றது. ஓரிடத்தில் குழந்தைக்கு முதற்பாடம். ஓரிடத்தில் தொழுகைக்கு அழைப்பு. மற்றோரிடத்தில் அபாய அறிவிப்பு. சுரத்தின்மீது எக்குற்றமும் இல்லை. அதன்மேல் ஏற்றப்பட்ட சுமையே குற்றம்.

டுடுக் என்னும் ஊதுகருவியின் கதை இதனினும் விந்தையானது. நம் நாகசுரத்தைப் போலவே சீவாளி பொருத்தி ஊதப்படும் அக்கருவி வாதுமை இனத்துச் சர்க்கரைப்பழ மரத்தில் கடையப்படுவது. அதன் தாயகம் ஆர்மீனியா. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற நாடு அது. 2005-இல் யுனெஸ்கோ, டுடுக் இசையை ஆர்மீனியாவின் மரபுச் செல்வமாக அறிவித்தது. திரையிலும் தொலைக்காட்சியிலுமோ, அரபுப் பாலை எது வந்தாலும் டுடுக்கின் புலம்பலை எடுத்து ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆர்மீனியனுக்கும் இது நீதியன்று, அரபியனுக்கும் நீதியன்று.

நம் நாட்டுத் தொடர்களில் இக்குறை வேறு வடிவில் தோன்றுகிறது. ஒரு முஸ்லிம் பாத்திரம் வாசலில் நுழைந்தால் உடனே கவ்வாலிக் கைத்தட்டலோ சாரங்கியின் இழுப்போ எழவேண்டும் என்பது எழுதாத சட்டம்போல் ஆகிவிட்டது. கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ மேலப்பாளையத்திலோ தலைமுறை தலைமுறையாகத் தமிழே பேசி வாழும் ஒருவர், திரையில் வந்ததும் லக்னோவிலிருந்து வந்தவராகிவிடுகிறார். அவர் கடை வைத்திருக்கலாம், பள்ளியாசிரியராக இருக்கலாம், கடன்பட்டுக் கலங்கி நிற்கலாம். அவருடைய கவலையை இசைக்கவேண்டிய இசை, அவருடைய பெயரையே இசைக்கிறது. இவர் வேறானவர் என்று வீட்டிலுள்ள குழந்தைக்குச் சொல்லாமற் சொல்லிவிடுகிறது. கெட்ட நோக்கத்தோடு செய்கிறார்கள் என்று நாம் பழிக்கவில்லை. அவசரமும் பழக்கமும் சேர்ந்தால் நோக்கமே தேவையில்லை. திருவரங்கத்தில் வாழ்ந்து நாகசுரத்தில் கொடிகட்டிப் பறந்த ஷேக் சின்ன மௌலானா அவர்கள் வாசித்த மண் இது. அவர் நுழையும் காட்சிக்கு இவர்கள் எந்த இசையை ஒட்டுவார்கள்?

இங்கே ஒரு மறுப்பை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். தொடர் தயாரிப்பவர் கூறுவது யாதெனில், “எங்கள் நேயர்கள் கண்கொட்டாமல் பார்ப்பதில்லை. உம்மா அடுக்களையில் ஆணம் கூட்டிக்கொண்டிருப்பார். பிள்ளை பாடம் எழுதிக்கொண்டிருக்கும். முரசு அடித்தால்தான் ‘ஏதோ நடக்கிறது’ என்று எட்டிப்பார்ப்பார்கள்” என்பது. இதில் நியாயம் இல்லாமலில்லை. வீட்டுத் தொலைக்காட்சி பாதிநேரம் வானொலிதான். ஆனால் இந்நியாயமே அவர்களின் பொறுப்பைக் கூட்டுகின்றது. முகத்தைப் பார்ப்பவர், “இவள் முகத்தில் தீமை தெரியவில்லையே” என்று இசையோடு வழக்காட முடியும். அடுக்களையில் நின்று செவியால் மட்டும் கதையை அறிபவருக்கு வழக்காடச் சான்று ஏது? கண் இல்லாத இடத்தில் காதுக்குச் சொல்லப்படுவது உண்மையாக இருக்கவேண்டிய கட்டாயம் அதிகமன்றோ!

இசை வேண்டாமென்பதும் நம் முடிபன்று. பின்னணி இசையின்றியே ஒரு தொடரை நடத்திக்காட்டியவரும் உண்டு. 2002 முதல் 2008 வரை ஐந்து பருவங்கள் ஒளிபரப்பான ‘தி வயர்’ என்னும் அமெரிக்கத் தொடரில், பருவ முடிவுத் தொகுப்புக் காட்சிகள் போன்ற அரிய இடங்கள் நீங்கலாக, வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட இசை கிடையாது. காரின் வானொலியிலோ கடையிலோ ஒலிப்பது மட்டுமே கேட்கும். பால்டிமோர் நகரின் காவலரையும் போதைப்பொருள் விற்போரையும் ஒரே தராசில் வைத்துக் காட்ட விரும்பியவர்களுக்கு, எத்தட்டிலும் விரல் வைக்காத அந்த மௌனம் தேவைப்பட்டது.

இசையை வைத்துக்கொண்டே அடக்கம் காப்பதற்கும் வழியுண்டு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரைக் குடும்பத்தோடு காணத்தக்கதென்று நாம் பரிந்துரைக்கமாட்டோம். அதன் இசையில் மட்டும் கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. இசையமைப்பாளர் ரமின் ஜவாதி, செல்லோ முதலிய கருவிகளைக் கொண்டே பருவங்களை நடத்திவந்தார், பியானோவைத் தொடவில்லை. 2016-இல் ஆறாம் பருவத்தின் இறுதி அத்தியாயத்தில், ஒரு வழக்கு விசாரணைக்காக ஊர் கூடும் காட்சியில்தான் முதன்முதலாகப் பியானோ மெல்ல ஒலிக்கிறது. பழகாத அவ்வொலி கேட்டுப் பார்ப்பவர் நெஞ்சு துணுக்குறுகிறது. என்ன நேரப்போகிறதென்று அது சொல்லவில்லை. எவரையும் சுட்டிக்காட்டவும் இல்லை. கவனி என்று மட்டும் சொல்கிறது. ஆறு பருவம் கையில் வைத்திருந்து ஒருநாள் கொடுப்பவனுடைய கொடைக்கு உள்ள மதிப்பு, நாள்தோறும் அள்ளி இறைப்பவனுடைய கொடைக்கு இல்லை.

துணுக்குச் சேமிப்பை நம்பியே நடக்கும் நெடுந்தொடர்களுக்கும் இவ்வடக்கம் எட்டாத ஒன்றன்று. அதற்குப் புதிய செலவு எதுவும் வேண்டியதில்லை. ஒரு பாத்திரம் பேசி முடிக்கும்வரை இசையை நிறுத்திவைக்கலாம். முரசை மாதத்துக்கு ஒருமுறைக்கென ஒதுக்கலாம். மதத்துக்கும் சாதிக்கும் ஊருக்குமெனத் தனித்தனித் துணுக்கு வைப்பதை விட்டு, துயரத்துக்கும் மகிழ்ச்சிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். துயரம் எல்லா வீட்டிலும் ஒன்றுதானே!

அதுவரை, கேட்போராகிய நம் கையில் இருப்பது ஓர் எளிய சோதனை. இன்றிரவு தொடர் ஓடும்போது, ஒரு காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அடுத்த காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பிறகு பிள்ளைகளிடம், “இதில் நல்லவர் யார், கெட்டவர் யார்?” என்று வினவுங்கள். அவர்கள் விடை சொன்னதும், “எப்படித் தெரிந்தது?” என்று மறுபடியும் வினவுங்கள். அவர் செய்த செயலைச் சொல்லி விடையளித்தால் மகிழலாம். “அவர் வரும்போது அந்த இசை வந்ததே!” என்று சொன்னால், மணியோசை மட்டும் வந்திருக்கிறது, யானை இன்னும் வரவில்லை என்று அவர்களுக்கு எடுத்துச்சொல்லும் கடமை நம்முடையதாகின்றது.